அம்மீட்டர் முள்ளின் சகாயம்

வேதாரணியத்தில் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அலுவலில் நான் இருந்த காலத்தில், என் வசம் இருந்த வாகனம் 1970களின் நடுவில் திருவொற்றியூரில் உருவான 350 ஸி.ஸி. புல்லட். தோப்புத்துறை, ஆயக்காரன்புலம், தகட்டூர், கோடியக்காடு என்று ஆளுக்கொரு திசையில் கிடக்கும் கிராமங்களுக்குப் பஸ்ஸை நம்பிப் புறப்பட்டால், போன இடத்தில் பேரேட்டைப் பிரித்துவைப்பதற்குள் கடைசி பஸ் திரும்பிவிடும் என்கிற நிலைமையில், அந்த வண்டி எனக்கு ஆடம்பரமாக வாய்க்கவில்லை; ஜீவனோபாயத்தின் ஓர் அங்கமாகவே வாய்த்தது. ஊரில் சைக்கிள் கடைகள் இருந்தன. பம்ப்செட்டுகளைப் பிரித்துப் பூட்டுவதில் கைதேர்ந்த மிஸ்திரி ஒருவரும் இருந்தார். ஆனால் அவருடைய ஞானம் முழுவதும் டீசலைச் சார்ந்தது. டீசல் யந்திரத்தில் காற்றை இறுக்கி அழுத்துவதால் பிறக்கும் உஷ்ணமே எண்ணெயைப் பற்றவைத்துவிடுகிறது. பெட்ரோல் யந்திரத்துக்கோ, உரிய க்ஷணத்தில் மின்பொறி ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். அவர் என் வண்டியைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்துவிட்டு, "நம்ம எஞ்சினுக்குக் கரண்டே வேண்டாம் சார். இது கரண்டு சமாசாரம், நான் கை வெச்சா பாவம். டவுன் பக்கம் எடுத்துக்கிட்டுப் போயிடுங்க" என்று மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் அந்தக் குணம் பழுதுபார்ப்போரிடம் அபூர்வமாகையால், அவர்மீது எனக்கிருந்த மதிப்பு உயர்ந்ததே ஒழியக் குறையவில்லை.

டவுன் என்று அவர் சொன்ன ஊர்களிலும் புல்லட்டை அறிந்தவர் அரிது. அறிந்தவரைத் தேடி அடையும் வரையில் வண்டி ஓட வேண்டுமே! அதன் அப்போதைய ஸ்திதி அப்படிப்பட்டது. ஒரு காலை நேரத்தில் கிக்கர் திருப்பி அடித்துக் கெண்டைக்காலைப் பதம் பார்க்கும். மறுநாள் அதே வண்டி சாதுவாகப் புறப்பட்டு, மணற்சாலையில் இழுக்கத் திராணியற்று, சைலன்சர் குழாய் நீலம் பாரிக்கும் அளவுக்குக் கொதித்துப் போய் நிற்கும். முதலாவது, பொறி முந்திக்கொள்வதன் அடையாளம். இரண்டாவது, பொறி பிந்துவதன் அடையாளம். ஒரே வண்டி இரண்டு விதமாகவும் நடந்துகொள்வது ஏன் என்பதைப் பின்னர் சொல்லுகிறேன். உப்பளங்களின் மீதாக ஓயாமல் வீசும் காற்று இரும்பையும் பித்தளையையும் ஒன்றுபோலவே அரிக்கும் அந்த ஊரில், பொறி பிறக்கும் தருணத்தைத் தீர்மானிக்கிற, பித்தான் அளவே உள்ள இரண்டு தொடுமுனைகளும் அவற்றின் பின்னே கிடக்கும் மெல்லிய ஸ்பிரிங்குகளும் பிழைத்துக் கிடந்ததே ஆச்சரியம்.

டைமிங் என்று மெக்கானிக்குகள் சொல்லும் விஷயத்தின் சூட்சுமம் இவ்வளவுதான். சிலிண்டரில் அடைபட்ட பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை, பொறி பட்ட மாத்திரத்தில் முழுவதும் எரிந்துவிடுவதில்லை. தீ ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பரவ விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு காலமேனும் பிடிக்கிறது. யந்திரமோ நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றும்பொழுது, விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் 18 பாகை திரும்பிவிடும். ஆகவே பிஸ்டன் உச்சியைத் தொட்டுக் கீழே இறங்கத் தொடங்கும் தருணத்தில் தீயின் பலம் முழுமையாக அதன் தலைமீது இறங்க வேண்டுமானால், பொறி அதற்கு முன்னதாகவே பிறந்திருக்க வேண்டும். வேகம் ஏற ஏற இன்னும் முன்னதாகப் பிறக்க வேண்டும். வேகத்துக்கேற்ப முன்னேற்றும் வேலையைத் தொடுமுனைத் தட்டுக்கு அடியில் உள்ள இரண்டு சிறிய எடைத்துண்டுகள், சுழற்சியின் விசையால் வெளிப்புறம் விரிந்து, தாமாகவே செய்துவிடுகின்றன. அவை விரியாமல் ஒடுங்கிக் கிடக்கும் ஆதி நிலையை மட்டும் மனிதன் சரியாக வைத்துக் கொடுத்தால் போதும்.

அந்த ஆதி நிலைக்கான அளவு, வண்டியோடு வந்த கையேட்டில் இருந்தது. புல்லட் என்ற பெயர் 1932இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் தோன்றியது. நம் ராணுவத்துக்கு அந்த வண்டி பிடித்துப்போனதன் பயனாக 1955இல் சென்னையிலேயே அதை உருவாக்கும் ஏற்பாடு ஆயிற்று. ரெட்டிச் ஆலை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் திருவொற்றியூரில் அதே யந்திரம், ஏறக்குறைய அதே அளவுகளோடு, பிறந்துகொண்டிருந்தது. எனவே கையேட்டின் அளவுகள் அங்குலத்தில்தான் பேசின. தொடுமுனைகளின் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்துக்குப் பதினைந்து பங்கு. எடைத்துண்டுகள் முழுக்க ஒடுங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு வர இன்னும் அரை வீசம் அங்குலம் இருக்கும்பொழுது தொடுமுனைகள் பிரியத் தொடங்க வேண்டும். அரை வீசம் என்பது முப்பத்திரண்டில் ஒரு பங்கு, மில்லிமீட்டரில் 0.8. தொடுமுனைகள் பிரியும் அக்கணமே காயிலில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் அறுபட்டு, பிளக்கில் பொறி தெறிக்கிறது.

இதைச் செய்ய இரண்டு பேர் வேண்டும் என்பது நான் சென்னையில் கண்ட வழக்கம். புதுப்பேட்டையில் என் வண்டியைப் பார்த்து வந்த மெக்கானிக், பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துவாரத்தில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை இறக்கி, அதன் நுனி பிஸ்டனின் தலையில் ஊன்றி ஏறி இறங்குவதை விரலால் உணர்ந்தபடி நிற்பார். தொடுமுனைகளுக்கு இடையே சிகரெட் சுருட்டும் மெல்லிய தாள் ஒன்று செருகியிருக்கும். அதை மறு கையால் இழுத்துப் பிடித்திருப்பார். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி டாப் கியரில் போட்ட வண்டியின் பின்சக்கரத்தை, கடைப் பையன் அவர் குரலுக்கேற்ப உருட்டுவான். "மெதுவா தம்பி... மெதுவா... நில்லு!" என்பார். தாள் தளர்ந்து கையோடு வரும் க்ஷணமே தொடுமுனை பிரியும் க்ஷணம். இந்தக் காரியத்தில் கம்பிக்கு ஒரு கை, தாளுக்கு ஒரு கை, சக்கரத்துக்கு ஒரு கை, தட்டைத் திருப்பிச் சரிசெய்ய ஒரு கை என்று நான்கு கைகள் தேவைப்படுகின்றன. ஈசுவரனுக்கு வாய்த்த இந்த வசதி தணிக்கை அலுவலருக்கு வாய்ப்பதில்லை. அக்கம்பக்கத்துச் சிறுவன் ஒருவனை அழைக்கலாமே என்று வாசகர் கேட்கலாம். அழைக்கலாம்தான், ஆனால் சக்கரத்தைக் கடுகளவு நகர்த்தச் சொன்னால் அரைச் சுற்று சுழற்றிவிட்டுச் சிரிக்கும் வயதில் உள்ளவர்களே அங்கே எனக்குக் கிடைத்தார்கள்.

வழி, நான் தினந்தோறும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே இருந்தது. பழைய புல்லட்டை உதைத்துக் கிளப்புவோர் அனைவரும் அறிந்த கிரமம் ஒன்று உண்டு: சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தி, யந்திரம் இறுகி எதிர்க்கும் இடத்தில் நிறுத்தி, அழுத்தத்தைத் தளர்த்தும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் சற்றே நகர்த்தி, முகப்பில் உள்ள அம்மீட்டரின் முள் நடுவுக்கு வந்துவிட்டதைப் பார்த்த பிறகே ஓங்கி உதைக்க வேண்டும். முள் ஏன் நடுவுக்கு வருகிறது? தொடுமுனைகள் சேர்ந்திருக்கும்பொழுது பாட்டரியிலிருந்து காயில் வழியாக மின்னோட்டம் போகிறது. முள் செலவின் பக்கம் சாய்கிறது. தொடுமுனைகள் பிரிந்தால் ஓட்டம் நின்று, முள் நடுவுக்குத் திரும்புகிறது. கிளப்புவதற்கான சகுனமாக நான் அதுகாறும் பார்த்து வந்த அந்த அசைவு, புதுப்பேட்டை மெக்கானிக் தாளை இழுத்துக் கண்டறிந்த அதே க்ஷணத்தை அறிவிக்கிறது என்று புலப்பட்டபொழுது, நான்கு கைகளில் ஒன்று குறைந்துபோயிற்று.

ஆனால் அம்மீட்டர் இருப்பதோ கைப்பிடிக்கு நடுவில், முன்விளக்கின் மேற்புறத்தில், ஓட்டுபவரின் முகத்தை நோக்கி. தொடுமுனைகள் இருப்பது வலப்புறம், சிலிண்டருக்குப் பின்னே, தாழ்வாக. முக்காலி போட்டு யந்திரத்தின் அருகே உட்கார்ந்தவன் கண்ணுக்கு அம்மீட்டரின் முகம் தெரியாது. கைப்பிடியில் இருந்த பின்நோக்குக் கண்ணாடியின் தண்டைத் தளர்த்தி, அம்மீட்டரை நோக்கிக் கீழே சாய்த்தேன். வட்டக் கண்ணாடிக்குள் அம்மீட்டர் தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடியில் இடம் வலமாக மாறித் தோன்றும் என்பது உண்மையே. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதல்ல, எப்போது துள்ளுகிறது என்பதே ஆதலால், அதனால் இடையூறு ஒன்றும் விளையவில்லை. விளக்குகளை அணைத்து வைக்க வேண்டியது அவசியம். இல்லாவிட்டால் அவற்றின் செலவில் காயிலின் சிறு அசைவு கலங்கிப் போகும்.

எஞ்சி நின்ற பிரச்சினை ஸ்போக்ஸ் கம்பி. இதில்தான் எனக்கு நெடுங்காலமாகவே ஒரு சந்தேகம் இருந்தது. பிஸ்டன் உச்சியை நெருங்கும்பொழுது, ஊஞ்சல் தன் கோடியை எட்டும் சமயத்தில் தயங்குவதைப் போலத் தயங்குகிறது. கிராங்க் பல பாகை திரும்பியும் கம்பி அசைவதாகவே கைக்குத் தெரியாது. அந்தத் தயக்கத்தின் நடுவில் எது உச்சி என்று விரலால் தீர்மானிப்பது யூகத்தைத் தவிர வேறல்ல. போதாக்குறைக்குப் பிளக் துவாரம் சாய்வாக அமைந்திருக்கிறது. சாய்ந்து இறங்கும் கம்பியில் அரை வீசம் அளந்தால், பிஸ்டன் நகர்ந்தது அரை வீசம் ஆகாது. கம்பியை இறுகப் பிடித்தபடி சக்கரத்தைத் திருப்பினால் அது பிஸ்டனுக்கும் தலைக்கும் நடுவே சிக்கி வளைந்துவிடும் அபாயமும் உண்டு.

சந்தேகத்தைத் தீர்க்கும் உபாயம் உச்சியைத் தேடாமல் இருப்பதிலேயே இருந்தது. கம்பியில் ஓர் இடத்தில் நூலைச் சுற்றிக் குறி வைத்தேன். பின்சக்கரத்தின் மட்கார்டுத் தாங்கியில் ஒரு கட்டுக்கம்பியைக் கட்டி, அதன் நுனி டயரின் பக்கவாட்டைத் தொடாமல் தொடும்படி வளைத்துவிட்டேன். சக்கரத்தை முன்னோக்கி உருட்டிக்கொண்டு வரும்பொழுது, பிஸ்டன் மேலேறி நூற்குறி துவாரத்தின் விளிம்புக்கு வந்த இடத்தில் டயரில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. தொடர்ந்து முன்னோக்கியே உருட்ட, பிஸ்டன் உச்சியைக் கடந்து கீழிறங்கி, நூற்குறி மீண்டும் அதே விளிம்புக்கு வந்த இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நட்டநடுவே உச்சி இருந்தே தீர வேண்டும். கம்பி சாய்ந்திருந்தால் என்ன, வளைந்திருந்தால்தான் என்ன? ஏறும்பொழுது செய்த அதே பிழையை அது இறங்கும்பொழுதும் செய்கிறபடியால், இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. சக்கரத்தை ஒருபோதும் பின்னோக்கி நகர்த்திக் கோடு போடக் கூடாது. செயின்களிலும் கியர்களிலும் உள்ள தளர்ச்சி அத்தனையும் உடனே கணக்கில் புகுந்துவிடும். குறியைத் தாண்டிவிட்டால், நன்றாகப் பின்னுக்குக் கொண்டுபோய், மறுபடியும் முன்னோக்கியே வர வேண்டும்.

இதில் நான் எதிர்பாராத ஒரு லாபமும் கிட்டியது. டாப் கியரில் பின்சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் யந்திரம் ஐந்தரைக்கு மேலாகச் சுற்றிவிடும். ஆயினும் டயரின் சுற்றளவு இரண்டு மீட்டர் அளவில் இருப்பதால், சக்கரமே ஒரு பெரிய அளவுத்தகடாகிவிடுகிறது. பிஸ்டனின் ஓட்டம் 90 மில்லிமீட்டர் உள்ள இந்த யந்திரத்தில், உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் என்பது ஏறத்தாழ ஒன்பதரைப் பாகை. அது டயரின் மேல் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவாக விழுகிறது. சிலிண்டருக்குள் கண்ணுக்கு எட்டாத முக்கால் மில்லிமீட்டர் சமாசாரம், வெளியே சாக்குக்கட்டியால் கோடு போடக்கூடிய அளவுக்கு விரிந்து நின்றது. நடுக்கோட்டுக்கு முன்னதாகக் கட்டுக்கம்பியைக் கடக்க வேண்டிய இடத்தில், அந்த அளவு தள்ளி, மூன்றாவது கோட்டைப் போட்டேன். அத்துடன் ஸ்போக்ஸ் கம்பியின் வேலை முடிந்தது. இன்னொரு கையும் விடுதலை பெற்றது. மிஞ்சியவை இரண்டு கைகள். அவை என்னிடமே இருந்தன.

நாற்கதி யந்திரத்தில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது. ஒரு முறை கலவையை அழுத்திக்கொண்டு, மறுமுறை புகையை வெளியேற்றிக்கொண்டு. எது எது என்று அறிவதற்கும் புல்லட்டில் சகாயம் தேவையில்லை. சிலிண்டரின் வலப்புறத்தில் உள்ள டாப்பெட் மூடியைக் கழற்றி, உள்ளே நிற்கும் இரண்டு தள்ளுதண்டுகளையும் விரலால் உருட்டிப் பார்த்தால், அழுத்தத்தின் உச்சியில் இரண்டும் தாராளமாகச் சுழலும். மற்றோர் உச்சியில் பிடிவாதம் பிடிக்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்பு செய்து முடிக்க வேண்டியவையும் உண்டு. தொடுமுனைகளை மெல்லிய அரத்தால் சமன்செய்து, ஃபீலர் கேஜ் கொண்டு இடைவெளியை முதலில் வைத்துவிட வேண்டும்; ஏனெனில் இடைவெளி அகன்றால் தொடுமுனை சீக்கிரம் பிரியும், குறுகினால் தாமதமாகப் பிரியும். டைமிங்கை வைத்துவிட்டு இடைவெளியைத் திருத்துகிறவர் செய்த வேலையைத் தாமே அழிக்கிறார். அடுத்ததாக, தட்டுக்கு அடியில் உள்ள எடைத்துண்டுகள். தொடுமுனைகளைப் பிரிக்கும் கேமை விரலால் திருப்பி விட்டால், ஸ்பிரிங் இழுத்து அது தன் இடத்துக்குச் சட்டென்று திரும்ப வேண்டும். என் வண்டியில் அது திரும்பவில்லை. விட்ட இடத்தில் நின்றது. முன்னே சொல்லாமல் விட்ட புதிருக்கு விடை இதுதான். உப்புக்காற்றில் துருவேறிய அத்துண்டுகள், ஒரு நாள் விரிந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டு, மறுநாள் காலை உதைக்கும்பொழுது பொறியை முந்தச் செய்து காலை அடித்தன; இன்னொரு நாள் ஒடுங்கிய நிலையில் சிக்கிக்கொண்டு, வேகத்திலும் விரிய மறுத்து, பொறியைப் பிந்தச் செய்து குழாயைக் கொதிக்க வைத்தன. மண்ணெண்ணெயில் கழுவி, உப்புத்தாளால் அச்சுகளைத் தேய்த்து, சொட்டு எண்ணெய் விட்டேன். இதைக் கவனியாமல் டைமிங் வைப்பதில் அர்த்தமே இல்லை; ஆதி நிலை என்று நாம் நம்பி அளப்பது ஆதி நிலையாகவே இராது.

பிறகு நடந்தது மிகச் சாதாரணம். வண்டியின் வலப்புறம் முக்காலியில் உட்கார்ந்து, இடக்கையால் டயரை முன்னோக்கி நகர்த்தி, மூன்றாவது கோடு கட்டுக்கம்பிக்கு நேரே வந்ததும் நிறுத்தினேன். தட்டைப் பிடித்திருக்கும் ஆணிகளைத் தளர்த்தி, சாவியைத் திருப்பி, வலக்கையால் தட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். கண்ணாடிக்குள் மூன்று நான்கு ஆம்பியர் அளவு சாய்ந்து கிடந்த முள், ஓர் இடத்தில் துள்ளி நடுவுக்கு வந்தது. ஆணிகளை முடுக்கும்பொழுது தட்டு சிறிது இழுபடுவது இயல்பாகையால், முடுக்கிய பிறகு சக்கரத்தைப் பின்னுக்குக் கொண்டுபோய் மீண்டும் உருட்டி வந்து, கோடு வரும் இடத்தில்தானா முள் துள்ளுகிறது என்று சரிபார்த்தேன். இந்தத் தட்டுக்குள் சுழலும் கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்கிறபடியால், இங்கே ஒரு பாகை பிசகினால் பிஸ்டனிடத்தில் அது இரண்டு பாகையாகிவிடும். ஆகையால் சரிபார்த்தலில் சோம்பல் கூடாது. ஒவ்வொரு சோதனைக்கும் இடையே சாவியை அணைத்துவிடுவேன். தொடுமுனைகள் சேர்ந்த நிலையில் சாவியைத் திறந்தே வைத்திருந்தால் காயில் சூடேறும், ஆறு வோல்ட் பாட்டரியும் வீணாக வற்றும்.

மறுநாள் ஆயக்காரன்புலம் போகும் வழியில் வண்டி என்னை மணலிலும் சலிப்பின்றி இழுத்துக்கொண்டு போயிற்று. பம்ப்செட் மிஸ்திரி சத்தத்தைக் கேட்டே நிலைமையைப் புரிந்துகொண்டு, "யாரு சார் பார்த்தது? டவுன் ஆளா?" என்று கேட்டார். நானே என்றதும், கண்ணாடியைச் சாய்த்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டார்.

ஓடும் யந்திரத்தின் சத்தத்தைக் காதால் கேட்டே தட்டைத் திருப்பி டைமிங் வைத்துவிடும் மெக்கானிக்குகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒரு சிலருக்கு அந்தச் செவி உண்மையிலேயே உண்டு. மற்றவர்கள், நின்ற இடத்தில் சீராகத் துடிக்கும் யந்திரம் பாரத்தை இழுக்கும்பொழுதும் சீராகவே இருக்கும் என்று நம்புகிறவர்கள். எனக்குக் காதைக் காட்டிலும் முள்ளின்மீதே நம்பிக்கை. அம்மீட்டர் இல்லாத வண்டியாயின், சிறிய விளக்கு பல்பு ஒன்றின் ஒரு கம்பியைத் தொடுமுனையின் இணைப்பிலும் மற்றொன்றை யந்திரத்தின் இரும்பிலும் தொடுத்துச் சாவியைத் திருப்பினால், தொடுமுனை பிரியும் க்ஷணத்தில் பல்பு எரியும். அதுவும் இதே வேலையைச் செய்யும்.

பின்னாளில் வந்த புல்லட்டுகளில் தொடுமுனைகளை நீக்கி மின்னணுச் சாதனத்தை வைத்துவிட்டார்கள். அவற்றை வைத்திருப்போருக்கு இந்தச் சங்கடமும் இல்லை, இந்த உபாயமும் வேண்டியதில்லை. பழைய வண்டியைக் காப்பாற்றி வருவோரிடம் மட்டும் ஒரு வேண்டுகோள்: அம்மீட்டரில் கோளாறு வந்துவிட்டால், அதன் இரண்டு கம்பிகளையும் நேரடியாக முறுக்கிச் சேர்த்து, "இது சும்மா அலங்காரத்துக்குத்தான் சார்" என்று சொல்லும் மெக்கானிக்கின் பேச்சைக் கேட்காமல், வேறொன்று வாங்கி அதே இடத்தில் பூட்டச் சொல்லுங்கள்.